முதுகெலும்பில் கிருமி, முன்னால் பெருந்தமனி

வாசகர் கேள்விகளுக்கு ஒரு மருத்துவரின் பதில்கள்

போன இதழில், டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் முதுகுவலியைப் பற்றி எழுதும்போது, "முதுகெலும்பில் கிருமி தங்கினால் அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்களையும் அது விடாது" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பதினொரு கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றில் முதல் கடிதத்தைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதனால் சர்க்கரை, ரத்தக்கொதிப்புக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன்.

ஈசூனிலிருந்து ஒரு வாசகி: வணக்கம் டாக்டர். என் அப்பாவுக்கு 69 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று மாதத்துக்கு முன்னால் கால் கட்டைவிரலில் புண் வந்து ஆறியது. அதற்குப் பிறகு இடுப்புக்குச் சற்று மேலே வலி. காய்ச்சல் கிடையாது. தைலம் தேய்த்தோம், பலதுறை மருந்தகத்தில் வலி மாத்திரை வாங்கினோம். ஐந்தாவது வாரம் எழுந்து நிற்கவே முடியாமல் போன பிறகு எம்ஆர்ஐ எடுத்து, இடுப்பில் மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புக்கு நடுவில் கிருமி என்றார்கள். சொட்டு மருந்து ஏறுகிறது. இப்போது சிடி ஸ்கேன் பார்த்துவிட்டு, "மைகாட்டிக் அனியூரிசம்" இருக்கிறது, ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் உடனே பார்க்க வேண்டும் என்கிறார்கள். என் அண்ணன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "மைகாட்டிக் என்றால் பூஞ்சை, இவர்கள் பாக்டீரியாவுக்கு மருந்து கொடுக்கிறார்கள், தப்பு நடக்கிறது" என்கிறார். முதுகெலும்புக் கிருமிக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன சம்பந்தம்? அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடுங்கள் அம்மா. இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால், கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியர் மூலம் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். மற்ற வாசகர்களுக்காகக் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அண்ணனின் சந்தேகம். அவர் தேடியதில் குற்றமில்லை, குற்றம் அந்தப் பெயரில் இருக்கிறது. 1885ஆம் ஆண்டு வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் லண்டனில் ஆற்றிய உரைகளில், கிருமியால் புடைத்துப்போன ரத்தக்குழாயை அப்படி அழைத்தார். பார்வைக்குக் காளான் முளைத்த மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். பெரும்பாலும் இதற்குக் காரணம் பாக்டீரியாதான். 130 வருடத்துக்கு மேலாகியும் பெயர் மாறவில்லை. குடும்பங்களை இப்படிக் குழப்பிக்கொண்டே இருக்கிறது. அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் எந்தக் கிருமி வளர்ந்தது என்று அண்ணன் கேட்கட்டும். அந்தக் கிருமியின் பெயரைத் தெரிந்துகொண்டால் அவர் மனம் சமாதானமாகும்.

இப்போது சம்பந்தம் என்ன என்பதற்கு வருகிறேன். மல்லாந்து படுத்து, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே கையை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒல்லியான உடம்பாக இருந்தால் ஒரு துடிப்பு தெரியும். அதுதான் பெருந்தமனி. இதயத்திலிருந்து இறங்கும் இந்தக் குழாய் முதுகெலும்பின் முன்பக்கத்தை ஒட்டியே ஓடி, இடுப்பின் நான்காவது முள்ளெலும்புக்கு நேராக இரண்டு கால்களுக்கும் பிரிகிறது. அப்பாவுக்குக் கிருமி இருக்கும் இடமும் அதுதான். எலும்புக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு நார்ப்பட்டையும் கொஞ்சம் கொழுப்பும் தவிர வேறு தடுப்பு இல்லை. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கில் கட்டிய சீழ் பின்பக்கம் போனால் தண்டுவடமோ அதன் நரம்புகளோ, முன்பக்கம் போனால் பெருந்தமனி.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். கால் புண்ணிலிருந்து ரத்தத்தில் கலந்த கிருமி முதலில் பெருந்தமனியின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளலாம். இருபது வருடச் சர்க்கரையில் அந்தச் சுவரின் உட்பக்கம் கொழுப்புப் படிந்து சொரசொரப்பாகி இருக்கும். கிருமி தங்க அந்த மேடு பள்ளம் போதும். அங்கிருந்து பின்னாலிருக்கும் எலும்பை அரிக்கும். எது முதல், எது அடுத்தது என்று பல சமயம் யாராலும் சொல்ல முடியாது. எப்படியானாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை.

இரண்டு முள்ளெலும்புகளும் நடுவிலிருக்கும் டிஸ்க்கும் ஒன்றாகக் கெடுவதற்கும் ரத்தக்குழாய்தான் காரணம். பெருந்தமனியிலிருந்து கிளம்பும் சிறு கிளை ஒன்று, இரண்டாகப் பிரிந்து மேல் எலும்பின் அடிப்பகுதிக்கும் கீழ் எலும்பின் மேல்பகுதிக்கும் ரத்தம் கொடுக்கிறது. கிருமி அந்தக் கிளை வழியாக வந்து இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் நுழைகிறது. பெரியவர்களின் டிஸ்க்குக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் நடுவில் மாட்டிக்கொள்ளும் டிஸ்க்கால் எதிர்த்து நிற்க முடிவதில்லை.

ஸ்கேனில் நான் என்ன பார்ப்பேன் என்பதைச் சொல்கிறேன். குறுக்காக வெட்டிய படத்தில் அந்த வயதுக்காரரின் பெருந்தமனி ஏறக்குறைய நம் 20 காசு நாணயத்தின் அகலத்தில் வட்டமாகத் தெரியும். வயதானதால் வரும் சாதாரணப் புடைப்பு என்றால் வட்டம் முழுவதுமே பெருத்திருக்கும். கிருமியால் வந்தது அப்படி இருக்காது. வட்டத்தின் ஓர் ஓரத்தில் மட்டும் கொண்டைக்கடலை ஒட்டிவைத்தாற்போல் ஒரு பை பிதுங்கி நிற்கும். அதைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். பின்னால் இருக்கும் எலும்பின் விளிம்பு எலி கடித்தது போல் இருக்கும். சாதாரணப் புடைப்பு வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், சிறியதாக இருக்கும்வரை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் காத்திருக்கலாம். இந்தக் கொண்டைக்கடலை சில நாட்களிலேயே நெல்லிக்காய் ஆகிவிடும். ஆண்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும்; அரித்துப்போன சுவரை அதனால் திரும்பக் கட்டித் தர முடியாது. அதற்குத்தான் அறுவை மருத்துவர்.

வயிற்றைத் திறந்து, கெட்ட பகுதியை எடுத்துவிட்டு ரத்தத்துக்கு வேறு பாதை போடுவது ஒரு முறை. தொடை இடுக்கு வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்ட்டைக் கொண்டுபோய் உள்ளிருந்து அடைப்பது இன்னொரு முறை. முதலாவது பெரிய அறுவை, வயதான உடம்பு தாங்க வேண்டும். இரண்டாவது உடம்புக்கு இலகு. ஆனால் கிருமி இருக்கும் இடத்தில் ஒரு புதுப் பொருளை வைக்கிறோம், அதனால் ஆண்டிபயாட்டிக் நெடுநாள் தொடரும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும்கூட. அப்பாவுக்கு எது என்று, அவரைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதே சரி.

இந்தக் கடிதம் ஏன் என்னைத் தூங்கவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு தமிழர் முதுகுவலியோடு வந்து படுத்தார். பளு தூக்குகிறவர்தானே என்று எல்லோரும் நினைத்தோம். அவருடைய அட்டையில் "தசைப்பிடிப்பு" என்று எழுதிய கை என்னுடையது. "ராத்திரியிலதாம்மா ரொம்ப வலிக்குது, படுத்தா கூட விடமாட்டேங்குது" என்று அவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் நாள் விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். பெருந்தமனி வெடித்திருந்தது. அவர் வயிற்றில் நான் ஒரு தடவைகூடக் கை வைத்துப் பார்த்திருக்கவில்லை. அன்றிலிருந்து முதுகுவலி என்று வருகிற யாரையும் வயிற்றைத் தொடாமல் அனுப்பியதில்லை.

பிடோக்கிலிருந்து ஒரு வாசகர்: முதுகுவலிக்கு உருவிவிடுவது நம் பாட்டி காலத்து வைத்தியம். அதைக்கூடச் செய்யக்கூடாதா?

பதில்: வேலை செய்த அலுப்புக்குச் செய்யலாம் ஐயா. ராத்திரியில் அதிகமாகிற வலி, படுத்தாலும் ஓயாத வலி, அண்மையில் ஏதாவது புண், சிறுநீர்த் தொற்று, ஊசிக்குழாய் போட்ட இடம் என்று கிருமி நுழைய வழி இருந்தவர்களின் வலி, இவற்றுக்கு யாரும் முதுகில் ஏறி மிதிக்க வேண்டாம். காய்ச்சல் இல்லையே என்று தைரியப்படவும் வேண்டாம். முதுகெலும்புக் கிருமி உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் காய்ச்சல் இருப்பதில்லை. நாம் விழுங்கும் வலி மாத்திரையே காய்ச்சலை மறைத்துவிடும்.

செங்காங்கிலிருந்து ஒரு வாசகி: என் கணவருக்கு 52 வயது. முதுகுத்தண்டுக்குள் சீழ் என்று மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் இரவு கால் மரத்துப்போகிறது என்றார். காலையில் மருத்துவர் வரும்போது சொல்லலாம் என்று இருந்தோம். காலையில் கால் தூக்கவே வரவில்லை. அவசரமாக அறுவை செய்தார்கள். "சீழ் அவ்வளவு பெரிதாக இல்லை, தண்டுவடத்துக்கு ரத்தம் போகாததுதான் காரணம்" என்றார்கள். இப்போது பிடித்துக்கொண்டு நான்கு அடி நடக்கிறார். இரவே சொல்லியிருந்தால் நன்றாக நடந்திருப்பாரா? அந்தக் கேள்வி என்னைக் கொல்கிறது டாக்டர்.

பதில்: அம்மா, அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்காதீர்கள். கால் மரத்தால் உடனே மணியை அடியுங்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் வேலை. உங்கள் கடிதத்தில் அப்படி யாரும் சொன்னதாக இல்லை.

நடந்தது என்னவென்றால், சீழ் தண்டுவடத்தை அழுத்துவது மட்டும் ஆபத்து அல்ல. தண்டுவடத்தைச் சுற்றி மெல்லிய சிரைகள் வலை மாதிரி பின்னியிருக்கின்றன. கை, கால் சிரைகளில் ரத்தம் திரும்பிப் போகாமல் தடுக்கும் கதவுகள் உண்டு, இவற்றில் இல்லை. ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1940இல் இதை விளக்கி எழுதினார். கதவில்லாததால் இருமும்போது, முக்கும்போது ரத்தம் முன்னும் பின்னும் அலைபாயும். சிறுநீர்ப்பை, இடுப்புக்கூடு பக்கமிருந்து கிருமி முதுகெலும்புக்கு ஏறுவதற்கு இதுவும் ஒரு பாதை. அந்தச் சிரைகளுக்குள் கிருமியால் ரத்தம் உறைந்தால் தண்டுவடம் வீங்கும், வீங்கினால் புது ரத்தம் உள்ளே வராது. அதனால்தான் சின்னச் சீழ்க்கட்டிகூட ஓர் இரவில் காலை முடக்கிவிடுகிறது.

கீழ்த் தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கும் தமனிகளும் கொஞ்சம்தான். அதில் பெரியது, பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து, விலா எலும்புகள் முடியும் உயரத்தில் கிளம்பும் ஒரே ஒரு கிளை. 1882இல் அதை விவரித்த ஆடம்கீவிச் என்ற மருத்துவரின் பெயரால் அழைக்கிறோம். அந்த ஒன்றில் கோளாறு வந்தால் ஈடுகட்ட ஆள் குறைவு.

கால் முழுக்கச் செயலிழந்து 24 முதல் 36 மணி நேரம் கடந்துவிட்டால் மீள்வது மிகவும் கடினம். உங்கள் கணவருக்குக் காலையிலேயே அறுவை நடந்தது. நான்கு அடி நடக்கிறார் என்றால் நரம்புகளில் உயிர் இருக்கிறது. இயன்முறை சிகிச்சையை ஒரு நாளும் விடாதீர்கள். மாதக்கணக்கில்கூட முன்னேற்றம் வரும்.

வார்டில் படுத்திருப்பவர்களின் குடும்பத்துக்கு ஒன்று: கால் மரத்தல், பலம் குறைதல், சிறுநீர் போக முடியாமை, ஆசனவாய்ப் பக்கம் உணர்ச்சி இல்லாமை, இதில் எது வந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் தாதியைக் கூப்பிடுங்கள். தொந்தரவு என்று நினைக்கவே கூடாது. நான் ஒவ்வொரு மாலையும் நோயாளியின் கால் பெருவிரலை என் விரலால் அழுத்திப் பிடித்து, "தூக்குங்க, என்னை ஜெயிங்க" என்பேன். அதை மகளோ மருமகளோ செய்து பார்க்கலாம். நேற்று ஜெயித்த விரல் இன்று தோற்றால் அதுவே செய்தி.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர்: எனக்கு 38 வயது. கழுத்தெலும்பில் கிருமி என்று ஐந்து வாரமாக மருந்து. மூன்று நாளாகத் தலைசுற்றல், சில சமயம் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. மருந்தின் பக்கவிளைவா?

பதில்: தம்பி, உங்களுக்கும் ஆசிரியர் மூலம் அன்றே சொல்லிவிட்டேன். கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் ஓட்டைகள் உண்டு. ஆறாவது எலும்பிலிருந்து முதல் எலும்புவரை அந்த ஓட்டைகளுக்குள் நூல் கோத்த மாதிரி ஒரு தமனி ஏறி, மூளையின் பின்பகுதிக்குப் போகிறது. எலும்பில் கிருமி இருந்தால் அந்தத் தமனி நெருக்கப்படலாம், உள்ளே ரத்தம் உறையலாம், சுவர் பலவீனமாகிப் புடைக்கலாம். தலைசுற்றல் மட்டும் என்றால் மருந்தால்கூட வரும். இரட்டைப் பார்வை, குழறும் பேச்சு, ஒரு பக்கம் சாயும் நடை இவை சேர்ந்தால் பக்கவாதம் என்றே நினைத்து 995ஐ அழைக்க வேண்டும். டாக்சி பிடித்துப் போகவோ, வெளிநோயாளர் தேதிக்குக் காத்திருக்கவோ கூடாது. போனதும், "கழுத்தெலும்பில் கிருமிக்கு மருந்து எடுக்கிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து ஒரு வாசகி: அம்மாவுக்கு முதுகெலும்புத் தொற்று, வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கால் மட்டும் வீங்கியிருக்கிறது. படுத்தே இருப்பதால் நீர் கோத்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.

பதில்: இரண்டு காலும் வீங்கினால் அந்த அக்கா சொல்வது சரியாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் என்றால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும். படுத்தே இருப்பதும் காரணம், முதுகெலும்பின் பக்கத்துத் தசைக்குள் சீழ் இறங்கி இடுப்புச் சிரையை அழுத்துவதும் காரணமாகலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும்; அதில் கிருமியும் இருந்தால் நுரையீரலிலும் சீழ் பிடிக்கும். சிரையில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் வலிக்காது, கொஞ்ச நேர வேலை. காலைத் தேய்த்துவிட மட்டும் வேண்டாம்.

பூன் லேயிலிருந்து ஒரு வாசகர்: எனக்குச் சர்க்கரை இல்லை, புகைப்பதில்லை, வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். எனக்கு இதெல்லாம் வராதுதானே?

பதில்: வாய்ப்பு குறைவு. ஆனால் 2015ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் சிங்கப்பூரில் 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' கிருமியின் எஸ்டி283 என்ற வகை, பச்சை மீன் மூலம் பலரைத் தாக்கியது. கஞ்சியோடு பச்சையாக வைத்துத் தந்த நன்னீர் மீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை பெரியவர்களுக்கு அந்தக் கிருமி உணவால் வரும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கும் மூளைக்காய்ச்சல் வந்தது, மூட்டிலும் முதுகெலும்பிலும் தொற்று வந்தது. அந்த டிசம்பரில் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாக விற்பதைத் தடைசெய்தார்கள். வீட்டிலும் ஏரி, குளத்து மீனைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள்.

இன்னொன்று மண். நம் பகுதி மண்ணிலும் சேற்று நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி உண்டு. சர்க்கரை உள்ளவர்களை அது அதிகம் பிடிக்கும், பெருந்தமனியையும் எலும்பையும் தாக்கும். தோட்ட வேலை செய்பவர்கள் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளுங்கள். முட்டை, கோழியில் வரும் சால்மோனெல்லாவைச் சாதாரண வயிற்றுப்போக்கு என்று நினைக்கிறோம். வயதானவர்களின் கொழுப்புப் படிந்த பெருந்தமனியில் போய் ஒட்டுவதில் அது கைதேர்ந்தது. தாத்தாவுக்கு அரைவேக்காட்டு முட்டை கொடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஜூரோங்கிலிருந்து ஒரு வாசகர்: அண்ணிக்கு ஆறு வாரம் ஊசி மருந்து என்றார்கள். இப்போது பன்னிரண்டு வாரம் என்கிறார்கள். ஏன் கூட்டினார்கள்? வீட்டிலேயே மருந்து ஏற்றுவது பத்திரமா?

பதில்: பிரான்சில் 351 நோயாளிகளிடம் செய்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதுகெலும்புத் தொற்றுக்கு ஆறு வார மருந்து பன்னிரண்டு வாரத்துக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. அதனால் ஆறு வாரம் இன்று வழக்கம். ரத்தக்குழாயிலோ இதய வால்விலோ கிருமி இருக்கிறது, வடிக்க முடியாத சீழ் இருக்கிறது, உடலில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தக் கணக்கு பொருந்தாது. அண்ணிக்கு இவற்றில் எது என்று கேளுங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். முதுகெலும்பில் அதிகம் காணப்படும் கிருமி அதுதான், இதய வால்வும் அதற்குப் பிடித்த இடம்.

வீட்டில் ஏற்றுவது பத்திரம்தான். கையில் போட்டிருக்கும் நீளக் குழாய் நேராக இதயத்துக்குப் பக்கத்தில் போய் முடிகிறது, அதை மறக்கக்கூடாது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள். குளிக்கும்போது பிளாஸ்டிக் சுற்றி, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கையால் பேரக்குழந்தையையும் அரிசி மூட்டையையும் தூக்க வேண்டாம். மருந்து ஏறும்போது குளிர் நடுக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவமனையை அழையுங்கள்.

உடம்பில் அழற்சி எவ்வளவு என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் சிஆர்பி அளவு வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வர வேண்டும். வலி குறைந்து, எண்ணும் இறங்கினால் நல்லது. எண் இறங்கி வலி மட்டும் கூடினால், அல்லது இறங்கிய எண் திரும்ப ஏறினால், எலும்பை மட்டும் அல்ல, ரத்தக்குழாயையும் பார்க்கும் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். எந்தத் தேதியில் என்ன எண் என்று சமையலறை நாள்காட்டியிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கையோடு எடுத்துப் போகலாம்.